டீப்டேலின் கூலிக் கணக்கு

இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தை வென்ற கிளப் எது என்று கேட்டால், வாரந்தோறும் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் ரசிகர்களில் பலரும் மான்செஸ்டர், லிவர்பூல், லண்டன் என்று பெரிய நகரங்களின் பக்கமே போவார்கள். அந்தப் பட்டம் லங்காஷயரில் ரிபிள் ஆற்றங்கரையில் இருக்கும் பிரஸ்டன் என்ற பழைய பஞ்சாலை ஊருக்குச் சென்றது. 1888-89இல் நடந்த முதல் லீக் போட்டியில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்கள் ஆடி 18இல் வென்று, 4இல் சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் முடித்தது. அதே பருவத்தில், இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. பின்னர் 2003-04இல் ஆர்சனல் லீக்கில் தோல்வியின்றி 38 ஆட்டங்களை முடித்தது பெரிய சாதனைதான். ஆனால் அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனல் தோற்றது. லீக், கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் தோல்வியே இல்லாமல் வென்ற அணி என்று இங்கிலாந்தில் இன்றுவரை பிரஸ்டன் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

பதினொரு ஆண்டுகளாக நான் இந்த ஊரில் வாழ்கிறேன். கிளப்பின் மைதானமான டீப்டேல் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. குடிவந்த முதல் ஆண்டிலேயே, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தன்னோடு ஆட்டம் பார்க்க வரும்படி அழைத்தார். எண்பதைத் தாண்டிய இந்த வயதில்கூட அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்திருப்பார். சிறுவனாக இருந்த நாளிலிருந்து டீப்டேலில் தான் பார்த்த ஒவ்வொரு ஆட்டத்தின் தேதி, எதிரணி, கோல் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி வருகிறார். கருத்தோ விமர்சனமோ அதில் கிடையாது. அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் இந்தக் கிளப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, பிரஸ்டனின் சாதனைகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரே கேள்வி நின்றிருப்பது எனக்குத் தெரிந்தது. பந்து உதைப்பவனுக்குக் கூலி கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு என்பதே அந்தக் கேள்வி.

கூலிக்காகப் போராடிய அனுபவம் ஊருக்கு ஏற்கெனவே இருந்தது. 1853இன் இறுதியில், முன்பு வெட்டப்பட்ட பத்துச் சதவீதக் கூலியைத் திருப்பிக் கேட்ட தொழிலாளர்களை வெளியே நிறுத்திவிட்டு முதலாளிகள் பஞ்சாலைகளைப் பூட்டினார்கள். பல மாதங்கள் பட்டினி கிடந்து, 1854 வசந்தத்தில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். அதற்குச் சற்று முன்பே, 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமைகளில் பெண்களையும் இளையோரையும் பிற்பகல் 2 மணிக்குமேல் ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்று விதித்திருந்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் நாளடைவில் எல்லோருக்கும் அரைநாள் விடுமுறை கிடைத்தது. இங்கிலாந்தில் இன்றும் கால்பந்து ஆட்டங்கள் சனிக்கிழமை 3 மணிக்குத் தொடங்குவதன் வேர் அந்த ஆலைச் சங்கில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நார்த் எண்ட் முதலில் ஒரு கிரிக்கெட் கிளப்பாக இருந்தது. ஊரின் வடகோடியில் ஆடியதால் அந்தப் பெயர் வந்தது. 1875இல் டீப்டேல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள், கொஞ்ச காலம் ரக்பி ஆடிப் பார்த்தார்கள், 1878 அக்டோபரில் முதல் கால்பந்து ஆட்டத்தை ஆடி ஒரு கோலில் தோற்றார்கள், 1880இல் கால்பந்தே போதும் என்று முடிவெடுத்தார்கள். அன்றிலிருந்து இடம் மாறவில்லை. ஒரு லீக் கிளப் இடைவிடாமல் ஆடிவரும் மைதானங்களில் டீப்டேல்தான் மிகப் பழையது என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள்.

தொடக்கம் அவமானகரமானது. 1881 மார்ச்சில் பக்கத்து ஊரான பிளாக்பர்ன் ரோவர்ஸ் டீப்டேலுக்கே வந்து 16-0 என்று வென்றுவிட்டுப் போனது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாதவர் வில்லியம் சுடெல் என்ற பஞ்சாலை மேலாளர். கிளப்பை நடத்திவந்த அவர், உள்ளூர்ப் பையன்களைக் கொண்டு பிளாக்பர்னைப் பிடிக்க முடியாது என்று உணர்ந்து, ஸ்காட்லாந்தின் பக்கம் கண்ணைத் திருப்பினார். பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஒற்றையாளாக ஓடுவதே அன்று இங்கிலாந்தில் பெருவழக்கு. ஸ்காட்லாந்துக்காரர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் குறுகிய பாஸ் கொடுத்து ஆடினார்கள். சுடெல் அவர்களை வரவழைத்து, ஆலைகளிலும் கடைகளிலும் வேலை தேடிக் கொடுத்தார். நிக் ராஸ், அவருடைய தம்பி ஜிம்மி ராஸ், டேவிட் ரசல், ஜார்டி டிரம்மண்ட் எனப் பலர் அப்படி வந்தவர்கள். வேலை என்று எழுதப்பட்டதில் எவ்வளவு உண்மையான வேலை, எவ்வளவு பந்து உதைத்ததற்கான சம்பளம் என்பதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

கால்பந்து சங்கத்தின் விதிப்படி அது குற்றம். சங்கத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் தென்னிங்கிலாந்தின் பெரும் பள்ளிகளில் படித்த கனவான்கள். பணத்துக்காக ஆடுவது விளையாட்டின் மாண்பைக் கெடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வெள்ளிக்கிழமையே ரயிலேற வேண்டிய ஒரு நெசவாளி அந்த நாள் கூலியை இழப்பான் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. 1884 ஜனவரியில் லண்டனின் அப்டன் பார்க் அணி எஃப்.ஏ. கோப்பைக்காக டீப்டேல் வந்து 1-1 என்று சமன் செய்தது. செய்துவிட்டு, பிரஸ்டன் தன் வீரர்களுக்குப் பணம் கொடுக்கிறது என்று புகார் கொடுத்தது. விசாரணையில் சுடெல் மறுத்திருக்கலாம், மற்ற கிளப்காரர்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். அவர் மறுக்கவில்லை. வெளியூர் வீரர்களை அழைத்து வந்ததும் உண்மை, வேலை தேடிக் கொடுத்ததும் உண்மை, லங்காஷயரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்று நேராகவே ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் கோப்பையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்தக் கிளப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. அந்த ஒப்புதலுக்குப் பின் விவகாரத்தை மூடி மறைக்க யாராலும் முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, சங்கத்தை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் அமைப்போம் என்று மிரட்டின. 1885 ஜூலையில், கால்பந்து ஆடுவதற்குச் சம்பளம் வாங்கலாம் என்று சங்கம் விதியை மாற்றியது. ஆனாலும் கோப்பையில் ஆடும் சம்பள வீரர் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும் அல்லது இரண்டு ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு முட்டுக்கட்டை போட்டது. இன்று உலகில் எந்தக் கால்பந்து வீரர் எவ்வளவு கோடி வாங்கினாலும், அந்த ஊதியச் சீட்டின் முதல் வரி டீப்டேலில் எழுதப்பட்டது.

கட்டு அவிழ்ந்ததும் அணி பறக்கத் தொடங்கியது. 1886-87இல் கோல்கீப்பராக நின்றவர் ஆர்தர் வார்ட்டன், இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நூறு கஜ ஓட்டத்தைப் பத்து விநாடியில் ஓடி இங்கிலாந்தின் சாம்பியன் ஆகியிருந்தார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்று கொண்டாடப்படும் அவர், 1930இல் இறந்தபோது பெயரில்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1997இல்தான் அந்த இடத்தில் ஒரு கல்லறைக் கல் வைத்தார்கள்.

1887 அக்டோபர் 15ஆம் தேதி, எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றில் ஹைட் என்ற அணியைப் பிரஸ்டன் 26-0 என்று வென்றது. ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துக்கு ஒரு கோல். கோப்பையின் முதன்மைச் சுற்றுகளில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை. பதினாறு கோல் வாங்கிய அதே மைதானத்தில், ஆறரை ஆண்டு இடைவெளியில், இருபத்தாறு கோல் போட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு கோப்பையின் இறுதியாட்டத்துக்குப் போனபோது, ஆடிய பிறகு உடுப்பு அழுக்காகிவிடும் என்பதால் முன்கூட்டியே கோப்பையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று வீரர்கள் கேட்டதாகவும், முதலில் அதை வென்றுவிட்டு வரலாமே என்று நடுவர் மேஜர் மாரிண்டின் பதில் சொன்னதாகவும் ஒரு கதை வழிவழியாக வழங்குகிறது. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 2-1 என்று வென்றது.

1888இல் ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மக்கிரெகர் ஒரு யோசனை சொன்னார். வாராவாரம் வீரருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்போது, கோப்பை ஆட்டங்களையும் எதிரணி வராமலே போகும் நட்பு ஆட்டங்களையும் நம்பிப் பிழைக்க முடியாது. நிச்சயமான தேதிகளில் நிச்சயமான எதிரணிகளோடு ஆடினால்தான் வாசலில் காசு விழும். உலகெங்கும் பின்பற்றப்படும் லீக் முறையே கூலிப் பட்டுவாடாவுக்காகப் பிறந்த ஏற்பாடுதான். ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஹோட்டலில் பன்னிரண்டு கிளப்புகளோடு அது உருவானது. லீக் என்ற பெயரை முன்மொழிந்தவர் சுடெல் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி டீப்டேலில் பர்ன்லியை 5-2 என்று வென்று தொடங்கிய பிரஸ்டன், ஜனவரி முடிவதற்குள்ளாகவே பட்டத்தை உறுதி செய்துவிட்டது. 74 கோல் போட்டு 15 வாங்கியது. கிடைக்கக்கூடிய 44 புள்ளிகளில் 40. இரண்டாமிடத்தில் வந்த ஆஸ்டன் வில்லாவுக்கு 29. கோல்களைக் குவித்த ஜான் குடால் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். 1889 மார்ச் 30 அன்று லண்டனின் ஓவல் மைதானத்தில் வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள். அந்த அணியை வெல்லப்படாதவர்கள் என்றே ஊர் இன்றும் அழைக்கிறது. டீப்டேலின் ஒரு பக்கக் கட்டடத்துக்கும் அந்தப் பெயர்தான்.

அந்தப் புகழில் நிக் ராஸுக்குப் பங்கில்லை. ஸ்காட்லாந்திலிருந்து முதலில் வந்தவர்களில் ஒருவர், அணியின் தலைவராக இருந்தவர், அவரைப் போன்ற பின்கள வீரர் அன்று இல்லை என்று பெயர் எடுத்தவர், 1888இல் எவர்ட்டனுக்கு மாறிப் போனார். ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தார். 1889-90இல் பிரஸ்டன் மீண்டும் பட்டம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். ஆனால் தோல்வியே காணாத அந்த ஒரு பருவம் அவர் கையைவிட்டுப் போய்விட்டது. காசநோயால் 1894இல் முப்பத்தோரு வயதில் இறந்தார்.

சுடெலின் முடிவு இன்னும் துயரமானது. 1890-91, 1891-92, 1892-93 என்று மூன்று பருவங்கள் தொடர்ந்து அணி இரண்டாமிடத்தில் வந்தது. பெரிய நகரத்துக் கிளப்புகள் அதிகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்தன. 1893இல் கிளப் ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறியபோது சுடெல் விலகினார். இரண்டாண்டு கழித்து, அவர் மேலாளராக இருந்த ஆலையின் கணக்கைப் பல ஆண்டுகளாகத் திருத்திப் பணம் எடுத்திருந்தது வெளிப்பட்டது. அதில் பெரும்பகுதி கால்பந்துக்குப் போனது என்பதே பரவலான கருத்து. மூன்றாண்டுச் சிறைத் தண்டனை அனுபவித்து, பின்பு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் 1911இல் அங்கேயே இறந்தார். அவரைத் திருடன் என்று சட்டம் சொன்னது சரிதான், ஆலைப் பணம் அவருடையது அல்ல. ஆனாலும், வீரனுக்குக் கூலி கொடுக்கிறேன் என்று உண்மையைச் சொன்னதற்காக ஒருமுறையும், அந்தக் கூலியைத் தேடப் பொய்க் கணக்கு எழுதியதற்காக மறுமுறையும் தண்டிக்கப்பட்ட அந்த மனிதரை நினைக்கும்போது என் மனம் கலங்குகிறது.

1893 முதல், ஒரு கிளப்பில் பதிவு செய்த வீரர் அந்தக் கிளப் விடுவித்தால்தான் வேறிடம் போகலாம் என்று லீக் ஏற்பாடு செய்தது. 1901 முதல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. அதே 1901இல் பிரஸ்டன் லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாகவே கழிந்தன.

அந்த ஆண்டுகளில் டீப்டேல் கண்ட பெரிய நிகழ்ச்சி நார்த் எண்ட் ஆடியதே அல்ல. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரஸ்டனின் ‘டிக், கெர்’ என்ற தொழிற்சாலையில் வெடிபொருள் செய்த பெண்கள் ஓர் அணி அமைத்து, 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டீப்டேலில் 10,000 பேர் முன்னிலையில் ஆடினார்கள். வசூல் காயமுற்ற படைவீரர்களின் மருத்துவமனைக்குப் போனது. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லிச் சங்கத்தின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குக் கால்பந்து சங்கம் தடை விதித்தது. வசூலில் ஒரு பகுதி தொண்டு அல்லாத செலவுகளுக்குப் போகிறது என்ற குறையும் தீர்மானத்தில் இருந்தது. வேலை நேரத்தை விட்டுவிட்டு வந்து ஆடுபவருக்குப் படிக்காசு கொடுப்பது குற்றம் என்று 1884இல் ஆண்களுக்குச் சொன்னதையே 1921இல் பெண்களுக்கும் சொன்னார்கள். ஆண்களின் தடை பதினெட்டு மாதங்களில் நீங்கியது. பெண்களின் தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

1922இன் கோப்பை இறுதியாட்டத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்ட் டவுனிடம் ஒரே ஒரு பெனால்டியில் பிரஸ்டன் தோற்றது. 1938 ஏப்ரல் 30 அன்று வெம்ப்ளியில் அதே ஹட்டர்ஸ்ஃபீல்ட் மறுபடி எதிரே நின்றது. நடுக்களத்தில் பிரஸ்டனுக்காக ஆடியவர்களில் ஒருவர், சுரங்கத் தொழிலாளியாக இருந்து வந்து பின்னாளில் லிவர்பூலின் மேலாளராகப் பெயர் பெற்ற பில் ஷாங்க்லி. தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. கூடுதல் அரைமணி நேரமும் முடியப் போகிறது. பி.பி.சி. முழுமையாகத் தொலைக்காட்சியில் காட்டிய முதல் இறுதியாட்டம் அது. இனி ஒரு கோல் விழுந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று வர்ணனையாளர் சொல்லி வாய் மூடுவதற்குள், பெனால்டி எல்லைக்குள் ஜார்ஜ் மட்ச் இடறி விழ, நடுவர் பெனால்டி கொடுத்தார். அடிபட்டு எழுந்த மட்ச் தானே உதைத்தார். பந்து மேல் கம்பத்தில் மோதி உள்ளே விழுந்தது. 1-0. வர்ணனையாளர் பிறகு தொப்பி வடிவில் செய்த இனிப்பைத் தின்று வாக்கைக் காப்பாற்றினார். பிரஸ்டன் வென்ற கடைசிப் பெருங்கோப்பை அதுதான்.

டாம் ஃபின்னி அப்போது பதினாறு வயதுப் பையன். 1922இல் டீப்டேலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். கிளப் அவரைக் கேட்டபோது, முதலில் குழாய் பொருத்தும் தொழிலைக் கற்று முடிக்க வேண்டும் என்று தந்தை உறுதியாகச் சொல்லிவிட்டார். கால்பந்து எந்த நேரமும் கைவிடும், கைத்தொழில் கைவிடாது என்று நினைக்கும் தந்தை நம் ஊர்களிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் எட்டாம் படையோடு எகிப்திலும் இத்தாலியிலும் இருந்துவிட்டு வந்த ஃபின்னி, 1946 ஆகஸ்டில் இருபத்து நான்கு வயதில்தான் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார். அடுத்த பதினான்கு பருவங்களும் பிரஸ்டனைத் தவிர வேறு எந்த லீக் கிளப்புக்கும் ஆடவில்லை. 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் நடுவிலும் ஒரே தரத்தில் ஆடக்கூடியவர். வருமான வரியில் தன்னைச் சார்ந்திருப்போர் பத்துப் பேர் என்று ஃபின்னி விலக்குக் கேட்கலாம் என்று அக்காலத்தில் ரசிகர்கள் சொல்வார்களாம். அந்தப் பத்துப் பேர் அணியின் மற்ற வீரர்கள்.

1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவரைக் கேட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, வீடு, கார். அப்போது இங்கிலாந்தின் உச்சவரம்பு வாரத்துக்கு 14 பவுண்டு. ஃபின்னி கிளப்பின் தலைவரிடம் போய்க் கேட்டார், மறுத்துவிட்டார்கள். பதிவு கிளப்பின் கையில் இருந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் குழாய் வேலையை விடவில்லை. சகோதரரோடு சேர்ந்து ஒரு தொழில் நிறுவனத்தை நடத்தினார். நாட்டின் மிகச்சிறந்த வீரர் என்று கால்பந்து எழுத்தாளர் சங்கம் 1954இல் ஒருமுறையும் 1957இல் மறுமுறையும் தேர்ந்தெடுத்த மனிதர், வார நாட்களில் ஊர் மக்களின் வீடுகளுக்குக் குழாய் சரிசெய்யப் போனார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர் ஆடியதை நேரில் பார்த்தவர். ஃபின்னியைப் பற்றிக் கேட்டால் அவர் கோல்களைச் சொல்ல மாட்டார், 1953ஐத்தான் சொல்வார். அப்போது அவருக்குப் பத்து வயது. பிரஸ்டன் தன் கடைசி ஆட்டத்தில் டெர்பியை ஃபின்னியின் பெனால்டியால் 1-0 என்று வென்று 54 புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றது. ஆர்சனலுக்கு 52 புள்ளி, ஓர் ஆட்டம் மிச்சம். இரண்டு நாள் கழித்து, மே 1ஆம் தேதி வெள்ளிக்கிழமை, லண்டனில் ஆர்சனலை எதிர்த்து ஆடியது பர்ன்லி. பிரஸ்டனின் பக்கத்து ஊரான பர்ன்லி சமன் செய்தால்கூடப் பட்டம் பிரஸ்டனுக்கு. பர்ன்லி முதல் கோலையும் போட்டது. ஆனால் ஆர்சனல் 3-2 என்று வென்றுவிட்டது. இரண்டு அணிக்கும் 54. அன்றைய விதிப்படி, போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்க்க வேண்டும். பெரியவரின் தந்தை செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் வகுத்தாராம். பிரஸ்டன் 85, அதன்கீழ் 60: 1.417. ஆர்சனல் 97, அதன்கீழ் 64: 1.516. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இடம் போனாலும் விடை மாறாது என்று தெரிந்த பிறகும் தந்தை வகுத்துக்கொண்டே இருந்ததையும், அம்மா வந்து விளக்கை அணைத்ததையும் பெரியவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் நோட்டு எழுதத் தொடங்கினாராம்.

1957-58இல் பிரஸ்டன் 100 கோல் போட்டும் வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பின்னால் இரண்டாமிடமே கிடைத்தது. ஃபின்னி கையில் ஒரு லீக் பதக்கம்கூட இல்லாமல் 1960 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 1961 ஜனவரியில், 20 பவுண்டாக உயர்ந்திருந்த சம்பள உச்சவரம்பு ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு வசந்தத்தில் பிரஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதன்பின் இன்றுவரை உச்சப் பிரிவுக்கு அது திரும்பவில்லை.

இந்த மூன்று தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குள் ஒரு வாதம் முடியாமல் நடக்கிறது. அந்த உச்சவரம்பு ஃபின்னிக்கு இழைத்த அநீதியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயிரக்கணக்கானோர் அவரைப் பார்க்க வாசலில் கொடுத்த காசில் அவருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. ஆனால் லண்டன் கிளப்பும் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்க முடியாது என்ற நிலை இருந்ததால்தான், ஒரு லட்சம் பேர் வாழும் பஞ்சாலை ஊர் ஒன்று எண்பது லட்சம் பேர் வாழும் தலைநகரோடு சரிநிகராகப் போட்டியிட முடிந்தது. பிளாக்பூல், போல்ட்டன், பர்ன்லி, பிரஸ்டன் ஆகிய லங்காஷயர் ஊர்கள் எல்லாம் ஐம்பதுகளில் உச்சத்தில் இருந்தவை. வரம்பு போனதும், ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட, அவை ஒவ்வொன்றாக இறங்கின. கூலிக்காகக் கதவைத் திறந்த ஊரே, கூலிக் கதவு முழுவதும் திறந்தபோது வெளியே நின்றது. திறந்தது சரி என்றே நான் இன்றும் சொல்வேன். அதன் விலையை இந்த ஊர் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1964இல் இரண்டாம் டிவிஷனிலிருந்தே கோப்பை இறுதிக்குப் போய் வெஸ்ட் ஹாமிடம் 3-2 என்று தோற்றார்கள். 1985-86இல் நான்காம் டிவிஷனில் கடைசிக்கு முந்தைய இடம், அதாவது மொத்தம் 92 கிளப்புகளில் 91ஆம் இடம். லீக்கில் தொடர அனுமதி கேட்டு மற்றக் கிளப்புகளின் வாக்குக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது, லீக்கைத் தொடங்கிய கிளப்புக்கு. 1986 முதல் எட்டாண்டுகள் புல்லைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைத் தளத்தில் ஆடினார்கள். 1995இல் மான்செஸ்டர் யுனைடெட் அனுப்பிய டேவிட் பெக்கம் என்ற பத்தொன்பது வயதுப் பையன் ஐந்து ஆட்டங்கள் ஆடி, கார்னரிலிருந்து நேராக ஒரு கோல் போட்டுவிட்டுப் போனார். 1996இல் நான்காம் அடுக்கில் பட்டம் வென்றபோது, நான்கு அடுக்குகளிலும் பட்டம் வென்ற மிகச் சில கிளப்புகளில் ஒன்றாயிற்று. இன்றும் அப்படி ஐந்தே கிளப்புகள்தான். பெருமைதான், ஆனால் நான்காவதை வெல்ல அந்த ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

மைதானத்தின் வெளியே ஃபின்னியின் சிலை இருக்கிறது. 1956 ஆகஸ்டில் லண்டனில் செல்சியை எதிர்த்து மழைநீர் தேங்கிய களத்தில் அவர் ஆடியபோது எடுத்த புகைப்படத்தை அப்படியே சிலையாக வடித்து 2004இல் வைத்தார்கள். வலது கை பின்னால் போக, உடல் சாய்ந்து, அவரைச் சுற்றிலும் நீர் விசிறியாய் எழும்ப, அவர் கண் பந்தை விட்டு அகலாமல் இருக்கிறது. நீரூற்றுத் தண்ணீரும் உண்மையாகவே ஓடுகிறது. பெரியவர் ஒவ்வொரு முறையும் சிலையின் முன் நின்று, குழாய்க்காரர் தன் தண்ணீரைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பார். 2014 பிப்ரவரி 14 அன்று ஃபின்னி இறந்தபோது அந்தச் சிலையைச் சுற்றிலும் வெள்ளைத் துண்டுகளும் பூக்களும் குவிந்தன.

2025இல் பிரஸ்டன் எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதிக்குப் போனது. 1966க்குப் பிறகு அதுவே முதல்முறை. டீப்டேலிலேயே ஆட்டம். எதிரணி ஆஸ்டன் வில்லா, அந்த முதல் லீக்கில் பதினொரு புள்ளி பின்னால் வந்த அதே கிளப். தேதி மார்ச் 30. ஓவலில் வுல்வர்ஹாம்ப்டனை வென்று 136 ஆண்டுகள் நிறையும் நாள். இருக்கை கிடைத்ததும் பெரியவரிடம் தேதியைச் சொன்னேன். தெரியும், ஆனால் ஆட்டம் முடியும்வரை அதை வெளியே சொல்லாதே என்றார். முதல் பாதியில் கோல் இல்லை. வில்லாவுக்கு வந்த ஒவ்வொரு வாய்ப்பிலும் பிரஸ்டன் பின்கள வீரர் ஒருவர் குறுக்கே விழுந்தார், அதற்கு எழுந்த முழக்கத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. இடைவேளைக்குப் பின், மான்செஸ்டர் யுனைடெட் கடனாகக் கொடுத்திருந்த மார்கஸ் ராஷ்ஃபோர்ட் ஒரு கோல் போட்டார், சில நிமிடங்களில் பெனால்டியில் இன்னொன்று. மூன்றாவதை ஜேக்கப் ராம்சி போட்டார்.

சுற்றிலும் யாரும் எழுந்து போகவில்லை. இறுதி விசில் ஊதியதும் தோற்ற அணிக்கு நின்று கைதட்டினார்கள். பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே பையிலிருந்து நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, நடுங்கும் கையால் எழுதினார்: 30 மார்ச் 2025, ஆஸ்டன் வில்லா, 0-3. பிறகு மூடாமல் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த உள்ளூர் ஆட்டம் எப்போது என்று என்னிடம் கேட்டார்.